விரல் போனால் எத்தனை சதவீதம்? வேலையிடக் கைக்காயங்களும் அதற்குப் பிறகான கணக்கும்

"மெஷினில் சிக்கி இரண்டு விரல்கள் துண்டாயின. தொழிலாளி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்." வேலையிட விபத்துச் செய்திகள் பெரும்பாலும் இந்த வரியோடு நின்றுவிடுகின்றன. மாதங்கள் கழித்து அந்தத் தொழிலாளியின் கையில் ஒரு சான்றிதழ் வருகிறது. அதில் ஒரு சதவீதம் எழுதியிருக்கிறது, பெரும்பாலும் 20 அல்லது 30. பழைய வேலைக்குத் திரும்பவே முடியாத ஒருவருக்கு இழப்பு வெறும் 20 சதவீதம் என்று யார், எப்படி முடிவு செய்தார்கள்? குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

அந்த எண்ணைப் புரிந்துகொள்ள, கையின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். அதன் பிறகு சிகிச்சை, அப்புறம் சட்டம்.

## கைக்குள் என்ன இருக்கிறது

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. விரல்களை மடக்கவும் நீட்டவும் செய்யும் வலுவான தசைகள் விரலுக்குள் இல்லை, முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. அவற்றின் இழுவையை விரல் நுனிவரை கொண்டுசெல்பவை தசைநாண்கள். சைக்கிள் பிரேக் கம்பி உறைக்குள் ஓடுவதுபோல, ஒவ்வொரு தசைநாணும் ஒரு குறுகிய உறைக்குள் வழுக்கி ஓடுகிறது. கம்பி அறுந்தாலும் விரல் இயங்காது, உறைக்குள் ஒட்டிக்கொண்டாலும் இயங்காது.

இவற்றோடு மூன்று முக்கிய நரம்புகள் கைக்கு உணர்ச்சியையும் இயக்கத்தையும் தருகின்றன. விரலின் இரு பக்கமும் மெல்லிய இரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. இத்தனையும் இரண்டு விரற்கடை தடிமனுக்குள் அடங்கியிருப்பதால், ஒரு பிளேடு ஒரு சென்டிமீட்டர் ஆழம் இறங்கினாலே எலும்பு, தசைநாண், நரம்பு, இரத்தக்குழாய் நான்கும் ஒரே நேரத்தில் போகலாம். வெளியே தெரிவது நாலு தையல் போடும் அளவுக் காயம்தான். அதைப் பார்த்து "சின்னக் காயம்" என்று சொல்வது பெரிய தவறு.

## எல்லா வெட்டும் ஒன்றல்ல

காயத்தின் தன்மைதான் பின்னால் வரும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முக்கியமான வகைகள் இவை:

1. நேர்வெட்டு. கூரான பிளேடு வெட்டியது. ஓரங்கள் சுத்தமாக இருப்பதால் திரும்ப இணைக்க வாய்ப்பு அதிகம்.

2. நசுங்கல். பவர் பிரஸ், ரோலர், விழும் பளு. இங்கே இரத்தக்குழாய்கள் நீளவாக்கில் சிதைந்துபோகின்றன. விரல் முழுதாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உயிர்ப்பிழைக்காமல் போகலாம். வீக்கம் உள்ளே அழுத்தம் ஏற்றி, சில மணி நேரத்தில் தசையைக் கொன்றுவிடவும் கூடும்.

3. பிய்த்தெடுத்தல். மோதிரம் ஏதாவது ஒரு முனையில் மாட்டிக்கொண்டு, உடல் எடை அதை இழுக்கும்போது விரலின் தோல் உறைபோல் உரிந்துவருகிறது. சுழலும் டிரில், லேத் போன்றவற்றில் கையுறை சிக்கிக்கொண்டாலும் இப்படித்தான் நடக்கும். கையுறை எப்போதும் பாதுகாப்பு என்ற எண்ணம் தவறு. கையை உள்ளே இழுக்கக்கூடிய சுழலும் பாகம் இருக்கும் இடத்தில் அதுவே ஆபத்து.

4. உயர் அழுத்தப் பீய்ச்சல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிரீஸ் கன், பெயின்ட் ஸ்பிரே கன், டீசல் இன்ஜெக்டர் இவற்றின் நுனி விரலைத் தொட்ட நொடியில் திரவம் தோலைத் துளைத்து உள்ளே பாய்கிறது. வெளியே ஊசி குத்திய அளவு துளைதான். ஆரம்பத்தில் வலியும் அதிகம் இருக்காது. தொழிலாளி துடைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார், சில நேரம் மருத்துவரே வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார். உள்ளே பெயின்டும் கரைப்பானும் தசைநாண் உறை வழியாக உள்ளங்கைவரை பரவித் திசுக்களை அரித்துக்கொண்டிருக்கின்றன. உடனே அறுவை அரங்கில் திறந்து சுத்தம் செய்ய வேண்டிய அவசர நிலை இது. தாமதமானால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும்.

5. மின்தீக்காயம், இரசாயனக் காயம். மின்சாரம் நுழைந்த இடத்தில் சிறிய கருகல்தான் தெரியும், சேதம் உள்ளே நீண்டிருக்கும்.

## முதல் சில மணி நேரம்

விரல் துண்டாகிவிட்டால் அந்தத் துண்டை என்ன செய்வது என்பதில் நிறையத் தவறு நடக்கிறது. பதற்றத்தில் நேராக ஐஸ் கட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து சாகிறது, அப்புறம் எந்த நிபுணராலும் இணைக்க முடியாது.

சரியான வழி இதுதான். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்க வேண்டும். பெரும்பாலான இரத்தக்கசிவு இதிலேயே கட்டுப்படும். மீதியுள்ள விரல்களில் மோதிரம் இருந்தால், வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். துண்டான பகுதியை லேசாக அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். துண்டைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது, ஸ்பிரிட் ஊற்றக் கூடாது. சிறிது தோலில் தொங்கிக்கொண்டிருந்தாலும் அறுத்துவிடக் கூடாது, அந்தத் தோலுக்குள் ஒரு இரத்தக்குழாய் மிஞ்சியிருக்கலாம்.

விரலில் தசை அதிகம் இல்லாததால் அது கொஞ்சம் காத்திருக்கும்: சாதாரண வெப்பத்தில் சுமார் 12 மணி நேரம், முறையாகக் குளிர வைத்தால் சுமார் 24 மணி நேரம். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் நிலைமை வேறு. அங்கே தசை இருப்பதால் குளிர வைக்காவிட்டால் 6 மணி நேரம்தான் கெடு. எனவே பக்கத்து மருத்துவமனையில் முதலுதவி முடிந்ததும், நுண் அறுவை (நுண்ணோக்கியின் உதவியோடு செய்யும் அறுவை) வசதியுள்ள இடத்துக்குப் போவதை நேரம் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

## இணைக்க முடியும் என்றால் ஏன் சில நேரம் இணைப்பதில்லை?

1963-ல் ஷாங்காயில் மருத்துவர் சென் சோங்வெயின் குழு, மெஷினில் துண்டான ஒரு தொழிலாளியின் கையைத் திரும்பப் பொருத்தியது. 1965-ல் ஜப்பானின் நாரா நகரில் கொமாட்சு, தமாய் என்ற இரு மருத்துவர்கள், முழுதாகத் துண்டான கட்டைவிரலை நுண்ணோக்கியின் உதவியோடு இணைத்தார்கள். அதன் பிறகு இது உலகமெங்கும் செய்யப்படும் அறுவையாகிவிட்டது.

ஆனாலும் பெரியவர் ஒருவருக்கு ஒரே ஒரு விரல், குறிப்பாக ஆள்காட்டி விரல், அடிப்பக்கம் துண்டானால், "வேண்டாம், மூடித் தைத்துவிடலாம்" என்று அறுவை மருத்துவர் சொல்வதுண்டு. இதைக் கேட்டுக் குடும்பத்தார் மருத்துவமனை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறார்கள். காரணம் வேறு. அந்தப் பகுதியில் இரண்டு மடக்குத் தசைநாண்கள் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அங்கே தைத்தால் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு மிக அதிகம். கை அறுவையின் முன்னோடியான ஸ்டெர்லிங் பன்னல் அந்தப் பகுதியை "யாருக்கும் சொந்தமில்லாத நிலம்" என்றே அழைத்தார். பல மாதச் சிகிச்சைக்குப் பின் கிடைப்பது விறைத்து, மரத்து, குளிரில் வலிக்கும் ஒரு விரலாக இருந்தால், கை அதைப் பயன்படுத்தாமல் நடுவிரலுக்கு மாறிவிடுகிறது. விறைத்த விரல் மற்ற விரல்களின் வேலைக்கும் இடைஞ்சல்.

கட்டைவிரல் என்றால், பல விரல்கள் போயிருந்தால், காயம்பட்டது குழந்தை என்றால், துண்டானது உள்ளங்கையோ மணிக்கட்டோ என்றால், இணைக்கவே முயல்வார்கள். கட்டைவிரலைக் காப்பாற்ற முடியாதபோது, கால்விரலை எடுத்து அந்த இடத்தில் பொருத்தும் அறுவையும் உண்டு.

## தையல் பிரித்த பிறகுதான் வேலை தொடங்குகிறது

தைத்த தசைநாண் முதல் சில வாரங்களில் பலவீனமாக இருக்கும். அதிகம் அசைத்தால் அறுந்துவிடும், அசைக்காமல் விட்டால் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே, ஸ்பிளின்ட் எனும் தாங்குபட்டை போட்டு, அளந்த அசைவுகளைத் தினமும் செய்ய வேண்டும். பளு தூக்கும் வேலைக்குச் சுமார் மூன்று மாதமாவது ஆகும்.

நரம்பு இன்னும் மெதுவானது. தைத்த நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளர்கிறது. மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல் நுனியை அடைய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை அந்த விரல்களுக்குச் சூடு தெரியாது, கூர்மை தெரியாது. எனவே இரண்டாவது காயம் வருவது எளிது. இந்தக் காலத்தில் கையை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஆறிய கையாகத்தான் தெரியும். "காயம் ஆறிடுச்சே, ஏன் வேலைக்கு வரலை?" என்ற கேள்வி எழுவது இதனால்தான்.

இன்னும் சில தொல்லைகள் எக்ஸ்ரேயில் தெரியாது. குளிர் பட்டால் தாங்க முடியாத வலி. அறுந்த நரம்பு நுனி முடிச்சாகி, தொட்டால் மின்சாரம் அடிப்பதுபோல் இருத்தல். இல்லாத விரல் வலிப்பது. சிலருக்குக் கை முழுதும் வீங்கி, நிறம் மாறி, காயத்துக்கும் வலிக்கும் பொருத்தமே இல்லாத அளவு வலிக்கிறது. இது உண்மையான நோய்நிலை, சீக்கிரம் கண்டுபிடித்தால் சிகிச்சை பலன் தரும். நடிப்பு என்று ஒதுக்கித் தாமதித்தால் கை நிரந்தரமாக முடங்கிவிடும்.

மனமும் அடிபடுகிறது. மெஷின் சத்தம் கேட்டால் நடுங்குவது, தூக்கத்தில் விபத்தைத் திரும்பத் திரும்பக் காண்பது, கையைப் பையிலேயே மறைத்து வைத்திருப்பது எல்லாம் கைக்காயத்தில் சாதாரணம். முகத்துக்கு அடுத்து நாம் எல்லோர் முன்பும் எப்போதும் காட்டிக்கொண்டிருப்பது கையைத்தான். மனநல உதவியும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று கேட்டுப் பெற வேண்டும்.

## யார் பணம் தருவது, எந்த அடிப்படையில்?

19-ஆம் நூற்றாண்டில், காயம்பட்ட தொழிலாளி முதலாளியின் தவறை நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் இழப்பீடு. அவரும் கொஞ்சம் கவனக்குறைவாக இருந்தார், தவறு சக தொழிலாளியுடையது, ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தார் என்ற மூன்று வாதங்களில் ஏதாவது ஒன்று போதும், வழக்கு விழுந்துவிடும். 1884-ல் ஜெர்மனி கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டமும், 1897-ல் பிரிட்டன் கொண்டுவந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் இதை மாற்றின. தவறு யாருடையது என்று பார்க்காமல், வேலையால் காயம் என்றால் இழப்பீடு. பதிலுக்கு, தொகைக்கு ஒரு வரம்பு. பெரும்பாலான நாடுகளின் இன்றைய முறைக்கு அடிப்படை இந்த ஏற்பாடுதான்.

எனவே "உன் கவனக்குறைவால்தான் நடந்தது, ஒன்றும் கிடையாது" என்று யாராவது சொன்னால், பொதுவாக அது சரியல்ல. குடிபோதை, வேண்டுமென்றே பாதுகாப்பு மூடியைக் கழற்றியது போன்ற விதிவிலக்குகள் பல சட்டங்களில் உண்டு. ஆனால் மூடி எப்படிக் கழன்றது என்பதை நிதானமாகக் கேட்க வேண்டும். உற்பத்தி வேகம் குறைகிறது என்பதற்காகவும், அடிக்கடி சிக்கும் பொருளை எடுக்க வசதியாகவும் மூடியைக் கழற்றிவைப்பது நிர்வாகத்துக்குத் தெரிந்தே நடந்திருந்தால், பழியைக் கடைசியில் நின்ற தொழிலாளி மேல் போடுவது அநியாயம். மூடியில்லாத மெஷினை விற்பதையும் பயன்படுத்துவதையும் தடை செய்யும் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1963-லேயே கொண்டுவந்துவிட்டது.

இழப்பீடு என்பது ஒரே தொகை அல்ல. பொதுவாக அதில் நான்கு பகுதிகள் உண்டு:

1. மருத்துவச் செலவு. பிசியோதெரபி, செயற்கை உறுப்பு ஆகியவையும் சேர வேண்டும்.
2. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான தற்காலிக ஊதிய ஈடு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கை, அதில் வரையறுத்த மாதிரித் தொழிலாளிக்கு, ஊதியத்தில் 60 சதவீதத்தைக் குறைந்தபட்ச அளவாக வைக்கிறது.
3. நிரந்தர இழப்புக்கான தொகை அல்லது ஓய்வூதியம்.
4. வேறு வேலைக்குத் தயாராகும் பயிற்சி, மறுவாழ்வு.

சண்டை பெரும்பாலும் மூன்றாவதில்தான் நடக்கிறது.

## அந்தச் சதவீதம் எதன் மேல்?

சான்றிதழில் உள்ள எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. கையில் இத்தனை சதவீதமா, முழு உடலிலா, சம்பாதிக்கும் திறனிலா?

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மதிப்பீட்டு வழிகாட்டி, கையின் மதிப்பை விரல்களுக்கு இப்படிப் பிரிக்கிறது: கட்டைவிரல் 40, ஆள்காட்டி 20, நடுவிரல் 20, மோதிர விரல் 10, சுண்டுவிரல் 10. கை என்பது முழு மேல்புயத்தில் (தோளிலிருந்து விரல் நுனிவரை) 90 சதவீதம், மேல்புயம் என்பது முழு உடலில் 60 சதவீதம். இப்போது கட்டைவிரல் முழுதும் போனதாக வைத்துக்கொள்வோம்:

1. கையில் இழப்பு 40 சதவீதம்.
2. மேல்புயத்தில் 40-ல் 90 சதவீதம், அதாவது 36.
3. முழு உடலில் 36-ல் 60 சதவீதம், அதாவது சுமார் 22.

அதே கட்டைவிரலுக்கு 40, 36, 22 என்று மூன்று எண்களும் சரி. எதை எழுதுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். 2025 வரை நடப்பில் இருந்த இந்தியாவின் 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை வேறு வழியில் போனது. அது நேரடியாகச் சம்பாதிக்கும் திறன் இழப்பைச் சொன்னது: கட்டைவிரல் 30, ஆள்காட்டி 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7.

இந்த அட்டவணைகளின் நல்ல பக்கம் வேகம். ஒவ்வொருவரும் நீதிமன்றத்தில் நின்று வாதாட வேண்டியதில்லை. கெட்ட பக்கம், அவை ஒரு சராசரி மனிதரை வைத்துக் கணக்குப் போடுகின்றன. சுண்டுவிரலுக்கு மிகக் குறைவான மதிப்பு. ஆனால் சுத்தியலையோ கடப்பாரையையோ இறுக்கிப் பிடிக்கும் வலு, பெரும்பகுதி சுண்டுவிரல், மோதிர விரல் பக்கத்திலிருந்துதான் வருகிறது. அந்த இரண்டும் போனால் பேனா பிடிக்கலாம், சுத்தியல் நிற்காது.

மருத்துவ ரீதியான குறைபாடு வேறு, வேலை செய்ய முடியாமை வேறு. அந்த அமெரிக்க வழிகாட்டியே தன் எண்களை வேலைத்திறன் இழப்பின் நேரடி அளவாகக் கொள்ளக் கூடாது என்று சொல்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 1975-ல் ஒரு தச்சரின் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. வேலையில் விழுந்து இடது கை அகற்றப்பட்டவர் அவர். அட்டவணைப்படி பகுதி இழப்புதான் என்று முதலாளி தரப்பு வாதிட்டது. ஒரே கையால் தச்சுவேலை செய்ய முடியாது, எனவே அவருக்கு இது முழு இழப்பு என்று நீதிமன்றம் ஏற்றது. சதவீதம் குறைவு என்று நினைக்கும் தொழிலாளி முன்வைக்க வேண்டிய வாதமும் இதுதான்: என் தொழிலுக்கு எந்தெந்த அசைவு தேவை, அதில் இப்போது எது முடியாது என்று மருத்துவரிடம் வேலையின் பெயரோடு எழுதி வாங்குவது.

## கணக்கை முடிக்கும் முன்

எங்கும் ஒரேமாதிரி வழுக்கும் இடங்கள் சில உண்டு.

1. முதல் மருத்துவக் குறிப்பு. அதில் "கை வெட்டுக்காயம்" என்று மட்டும் இருந்தால், வேலையில் நடந்தது என்பதே பின்னால் மறுக்கப்படும். எந்த மெஷின், எத்தனை மணி, என்ன வேலை என்பதைச் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். வீட்டில் அடிபட்டதாகச் சொல்லும்படி மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டால் ஒத்துக்கொள்ளக் கூடாது. செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வதாக அப்போது தரும் வாக்கு, இரண்டாவது அறுவை வரும்போது நிற்பதில்லை.

2. ஒப்பந்தத் தொழிலாளி. சம்பளம் தருபவர் ஒருவர், மெஷின் வேறொருவருடையது. இருவர் பெயரும் புகாரில் இருக்க வேண்டும். முதன்மை நிறுவனத்தையும் பொறுப்பாக்கும் சட்டங்கள் உள்ளன.

3. காலக்கெடு. முதலாளிக்குத் தகவல் தர ஒன்று, கோரிக்கை தாக்கல் செய்ய ஒன்று என்று இரண்டு கெடு இருக்கும். இழப்பீடு பேசி முடிக்கலாம் என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே அவை கடந்துவிடும்.

4. சீக்கிரமான மதிப்பீடு. இனிமேல் பெரிதாகத் தேறாது என்ற நிலை வந்த பிறகே நிரந்தர இழப்பை அளக்க வேண்டும். நரம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் மூன்றாவது மாதத்தில் போடும் சதவீதம் எந்தப் பக்கமும் தவறாக இருக்கலாம். அளக்கும்போது மூட்டு மடங்கும் கோணம், பிடி வலு, உணர்ச்சி மூன்றையும் பதிவு செய்தார்களா என்று பார்க்க வேண்டும். போன எலும்பை மட்டும் எண்ணினால், இருந்தும் உதவாத விரல்கள் கணக்கில் வராது.

5. இலேசான வேலை. பாதி கையோடு திரும்புகிறவருக்கு மாற்று வேலை கொடுப்பது நல்லதே, சீக்கிரம் திரும்புபவர்கள் மனதளவிலும் தேறுகிறார்கள். ஆனால் அந்த வேலை காகிதத்தில் மட்டும் இலேசாக இருக்கக் கூடாது. மருத்துவர் எழுதிய வரம்பு, எத்தனை கிலோ, எந்தக் கை, எத்தனை மணி நேரம் என்று தெளிவாக இருந்தால்தான் மறுக்கவும் முடியும்.

6. மொத்தத் தொகை. கடன் நெருக்கும்போது ஒரே தவணையில் வரும் பணம் பெரிதாகத் தெரியும். கையெழுத்துக்கு முன் அந்த ஆவணம் எதிர்கால மருத்துவ உரிமையையும் சேர்த்து முடித்துவிடுகிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். செயற்கைக் கை பல ஆண்டு உழைக்காது, வாழ்நாளில் பலமுறை மாற்ற வேண்டிவரும். விறைத்த மூட்டுக்கு இன்னொரு அறுவை தேவைப்படலாம். இந்த அபாயம் புதியதல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1925-ஆம் ஆண்டு உடன்படிக்கையே, நிரந்தர இழப்புக்கு மாதாமாதம் போன்ற தவணைத் தொகையே முறை, பணம் சரியாகப் பயன்படும் என்று அதிகாரிக்கு உறுதியானால் மட்டுமே மொத்தமாகத் தரலாம் என்றது. கையெழுத்துப் போட்ட பின் நிலை மோசமானால் வழக்கைத் திரும்பத் திறக்கச் சில சட்டங்களில் இடமுண்டு, சிலவற்றில் இல்லை. எது பொருந்தும் என்பதைத் தொழிற்சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ பணம் வாங்குவதற்கு முந்தின நாளாவது கேட்டுவிட வேண்டும்.